நகைக்குழாயை நறுக்க எது சரி?

3 மி.மீ. கல்லுக்குக் கட்டடம் (கல்லைப் பதித்துப் பிடிக்கும் கூடு) செய்ய ஒரு குழாய்த் துண்டு வேண்டும். திறந்து மூடுகிற வளையலின் கீலுக்கு ஐந்து துண்டு வேண்டும். வேலை எதுவானாலும் வெட்டு செங்குத்தாக விழ வேண்டும், வாய் நசுங்கக் கூடாது, நீளம் மாறக் கூடாது. கல் கட்டடம் கொஞ்சம் கோணினால் அரம் போட்டுச் சமாளித்துவிடலாம். கீல் அப்படி விடாது. ஒரு துண்டின் வாய் சாய்ந்திருந்தாலே பக்கத்துத் துண்டோடு ஒரு பக்கம் முட்டும், மறுபக்கம் வாய் பிளந்து நிற்கும். கம்பி கோத்த பிறகு கீல் லொடலொடவென்று ஆடும்.

கடையில் 'ட்யூப் கட்டர்' என்று கேட்டால் இரண்டு வேறு சாமான்களில் ஒன்றைக் காட்டுவார்கள். முதலாவது, பிளம்பர் வைத்திருப்பதன் குட்டி வடிவம்: ஒரு சின்னச் சக்கரம் குழாயைச் சுற்றிச் சுற்றி அழுத்தி வெட்டும். இதை நகை வேலைக்கு வாங்காதீர்கள். சக்கரம் உலோகத்தை அறுத்து எடுப்பதில்லை, உள்பக்கமாகத் தள்ளுகிறது. வெளியே பார்க்க வழுவழுப்பாக இருக்கும். உள்ளே விளிம்பு சுருங்கியிருக்கும். கீல் கம்பி நுழையாது. சுவர் மெல்லிய வெள்ளிக் குழாய் என்றால் வாயே வட்டம் கெட்டுப்போகும். கத்தரியும் கட்டிங் பிளையரும் இதைவிட மோசம், அவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. கைப்பிடி வைத்த ஜிக். V வடிவப் பள்ளத்தில் குழாய் படுக்கும். மேலே இருக்கும் நெம்பை விரலால் அழுத்தினால் அசையாமல் நிற்கும். ரம்பம் இறங்க ஒரு பிளவு, நீளத்தைக் கட்டிவைக்க முன்னும் பின்னும் நகர்ந்து திருகில் இறுகும் ஒரு தடை. இவ்வளவுதான். வெட்டுவது வழக்கமான நகை ரம்பமே. ஜிக் வாங்கும்போது அந்தப் பிளவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அகலமாக இருந்தால் பிளேடு உள்ளே ஆடும், வெட்டு சாயும். தடையின் திருகை இறுக்கிவிட்டுக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் வேண்டாம்.

பிளேடு தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். குழாயில் முதல் சில இழுப்புக்குப் பிறகு பிளேடுக்கு எதிரே நிற்பது இரண்டு மெல்லிய சுவர்கள் மட்டுமே. பிளேடு எண்ணில் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள இலக்கம் கூடக் கூடப் பிளேடு மெல்லியது, பல் நெருக்கம். 2/0 பிளேடில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 56 பல். பல்லுக்குப் பல் இடைவெளி 0.45 மி.மீ. சுவர் 0.3 மி.மீ. என்றால் சுவர் அப்படியே இரண்டு பல்லுக்கு நடுவே விழுந்து மாட்டிக்கொள்ளும். பல் ஒடியும், இல்லாவிட்டால் குழாய் கிழியும். 0.5 மி.மீ. சுவருக்கு 4/0, அதற்கும் மெல்லியதற்கு 6/0 அல்லது 8/0 போடுங்கள். பல் கைப்பிடியைப் பார்த்துக் கீழே சாய்ந்திருக்கட்டும். நகத்தால் சுண்டினால் 'டிங்' என்று கூரிய சத்தம் வர வேண்டும். தொய்ந்த பிளேடு நேராக இறங்காது. தேன்மெழுகு ஒரு தொடல் போதும், அப்பினால் தூள் ஒட்டிப் பல் அடைத்துவிடும்.

இன்னொன்று: குழாயைச் சுட்டு இளக்குவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். கம்பியச்சில் (துளைகள் உள்ள எஃகுத் தட்டு) இழுத்து வந்த விறைப்பு இருக்கும்போது வெட்டு சுத்தமாக வரும். இளகிய குழாய் நெம்பின் அழுத்தத்திலேயே பள்ளம் விழும், பிசிறும் அதிகம்.

முதலில் குழாயின் நுனியைச் சதுரமாக அராவுங்கள். அதைத்தான் தடையில் முட்டவைக்கப் போகிறோம்; அது கோணலானால் துண்டுக்குத் துண்டு நீளம் மாறும். வெர்னியரால் நீளத்தை வைத்து, தேய்ப்புக்கு 0.1 மி.மீ. கூட்டித் தடையை இறுக்குங்கள். முதல் இரண்டு இழுப்பு மேல்நோக்கி, வெறும் தடம் போட. பிறகு முழு நீளப் பிளேடையும் பயன்படுத்தி, அழுத்தாமல் அறுங்கள். கடைசிச் சுவருக்கு வரும்போது வேகத்தை இன்னும் குறையுங்கள். அங்கே அவசரப்பட்டால் துண்டு ஒடிந்து பிரியும், அடிவிளிம்பில் நாக்கு மாதிரி ஒரு பிசிறு நிற்கும். துண்டு தெறித்து ஓடாமல் இருக்கக் கீழே தோல் மடி விரித்திருக்கட்டும்.

ஜிக் இல்லாதவர்கள் நேர் விளிம்புள்ள காகித டேப்பைக் குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஓரம் ஓரத்தின் மேல் சரியாக உட்கார்ந்தால் கோடு செங்குத்து என்று அர்த்தம். மரக்கட்டையின் V வெட்டில் வைத்து, குழாயை உருட்டி உருட்டிச் சுற்றிலும் தடம் போட்ட பிறகே ஊடறுங்கள். ஒன்றிரண்டு துண்டுக்கு இது தாராளம். இருபது துண்டுக்குக் கை வலிக்கும், நீளமும் தப்பும்.

மோட்டாரில் சுழலும் வெட்டு டிஸ்க் வேகமானதுதான். ஆனால் சாதாரண டிஸ்க்கின் தடிமன் 0.6 மி.மீ., 4/0 பிளேடோ சுமார் 0.22. இருபது வெட்டில் டிஸ்க் 12 மி.மீ. குழாயைத் தூளாக்கும், ரம்பம் நாலரை மி.மீ.கூடத் தின்னாது. தங்கத்தில் இந்தச் சேதாரத்தை யார் தாங்குவது? ரம்பத் தூளையாவது மடியில் பிடித்து உருக்கலாம். டிஸ்க் தூளோடு உராய்பொருளும் கலந்து நாலாபக்கமும் பறக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் ரம்பம் சீக்கிரம் மழுங்கும், அதற்கு டிஸ்க் போடலாம். அப்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், டிஸ்க்கைப் பக்கவாட்டில் சாய்க்கவே கூடாது, சாய்த்தால் சிதறும்.

வெட்டிய துண்டின் உள்பிசிறை உருண்டை பர் (உருண்டைத் தலையுள்ள வெட்டுமுனை) ஒன்றைக் கையால் திருகி எடுங்கள். மோட்டாரில் போட்டால் வாய் அகன்றுவிடும். வெளிமுகத்தை, கண்ணாடித் தட்டின் மேல் விரித்த 400 நம்பர் உப்புத்தாளில் எட்டுப் போட்டுத் தேய்க்கலாம். கீல் வேலை அடிக்கடி வருகிறவர்கள் 90 பாகை முகமுள்ள கடினப்படுத்திய எஃகு வைஸ் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒன்றையும் வாங்கிவிடலாம். விலை கூடத்தான். ஆனால் குழாயை அதன் முகத்துக்குச் சற்று வெளியே நீட்டிப் பிடித்து, அரம் எஃகில் வழுக்கும்வரை அராவினால் வாய் சாய வழியே இல்லை. அதற்குப் பழைய அரத்தை ஒதுக்கி வையுங்கள். அந்த எஃகு புது அரத்தின் பல்லை மழுக்கிவிடும்.