பூவே தீவில் கிடந்த படகு

தூக்கம் வராத இரவுகளில் வரைபடத்தை நோண்டுவது என் பழக்கம். நேற்று மாட்டியது பூவே தீவு. தென்னாப்பிரிக்காவுக்குத் தென்மேற்கே சுமார் 2,500 கி.மீ. தள்ளி, தென் அட்லாண்டிக்கில் ஒற்றையாய்க் கிடக்கும் எரிமலைத் தீவு. பரப்பு 49 சதுர கி.மீ.தான், அதில் 90 சதவீதத்துக்கும் மேல் பனிப்பாறை. ஆள் யாரும் கிடையாது.

1739 ஜனவரி 1 அன்று பிரெஞ்சு மாலுமி பூவே இதைப் பார்த்தார். தென் கண்டத்தின் முனை என்று நினைத்துக்கொண்டார், இருப்பிடத்தையும் தப்பாகக் குறித்துவைத்தார். அப்புறம் கேப்டன் குக்கே தேடி வந்தும் கிடைக்கவில்லை! 1808இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. 1927இல் நார்வே உரிமை கோரியது, இன்றும் அவர்களுடையதுதான்.

தூக்கத்தை மொத்தமாகக் கெடுத்தது வேறு விஷயம். 1950களின் நடுவில் அங்கே பாறை சரிந்து கடலோரத்தில் புதிதாய் ஒரு திட்டு உருவானது. 1964இல் அதை ஆராய ஹெலிகாப்டரில் இறங்கியவர்கள், அங்கிருந்த சிறு குட்டையில் ஒரு படகு பாதி மூழ்கிக் கிடப்பதைப் பார்த்தார்கள். பக்கத்தில் துடுப்புகள். மனிதத் தடயம் எதுவும் இல்லை. முன்பு வந்துபோன சோவியத் குழு விட்டுச்சென்றதாக இருக்கலாம் என்கிறார்கள். சரி, இருக்கட்டும். மணி மூன்றாகியும் எனக்கு அந்தத் துடுப்புகள்தான் கண்முன்னே நின்றன.