எடையைப் பார்த்தேன், ஃபெயில். நீளத்தைப் பார்த்தேன், பாஸ்: பாலிஸ்டிக்ஸ் தாள் அனுபவம்

முடிவு வந்து நாலு நாள் ஆகிறது. தடய அறிவியலில் பாலிஸ்டிக்ஸ் (துப்பாக்கி, குண்டு பற்றிய) தாளை இரண்டாவது முயற்சியில் தாண்டிவிட்டேன். போன முறை என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு கேள்வி. தாளின் அமைப்பெல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் நேராக அந்தக் கேள்விக்கே வருகிறேன்.

இரண்டு புல்லட். இரண்டுக்கும் விட்டம் 0.224 அங்குலம், எடை 62 கிரெய்ன் (புல்லட்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு). ஒன்று ஈயக் கரு வைத்தது, நீளம் 0.82 அங்குலம். மற்றது முழுக்கச் செம்பு, நீளம் 0.93. ஹேண்ட்லோடிங் செய்யும் (தோட்டாவைத் தானே கையால் தயாரிக்கும்) ஒருவரிடம் 1:12 பேரல் இருக்கிறது, அதாவது உள்ளே இருக்கும் திருகுப் புரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று புல்லட்டைச் சுழற்றும்; இதுதான் ட்விஸ்ட். எந்த புல்லட் அதற்குப் பொருந்தும், ஏன்?

பயிற்சி வகுப்பில் கொடுத்த அட்டவணை எனக்குத் தலைகீழாகப் பாடம். இத்தனை கிரெய்னுக்கு இந்த ட்விஸ்ட் என்று வரிசையாக இருக்கும். எடை ஒன்றுதானே, ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று அரைப் பக்கம் எழுதினேன். கேள்வித்தாளில் நீளத்தைக் கொடுத்திருந்தார்கள். அதை எதற்குக் கொடுத்தார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்த அட்டவணையைக் கொடுத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

உண்மையில் பேரல் புல்லட்டின் எடையைவிட நீளத்தைத்தான் முக்கியமாகக் கேட்கிறது. எடை கூடினால் அதே விட்டத்தில் நீளமும் கூடும், அதனால் அட்டவணை பெரும்பாலும் சரியாக வந்துவிடுகிறது. செம்பின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு. அதே எடைக்குச் செம்பு புல்லட் நீண்டாக வேண்டும், அங்கேதான் அட்டவணை காலை வாருகிறது. பிரிட்டனின் வுல்விச் ராணுவ அகாடமியில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் 1879-இல் கொடுத்த சூத்திரத்தைப் பாருங்கள்: தேவையான ட்விஸ்ட் = 150 × விட்டத்தின் வர்க்கம் ÷ நீளம். எடை எங்கேயாவது இருக்கிறதா? (அந்த 150 என்பது 10.9 அடர்த்திக்கானது. செம்பு வந்தால் அடர்த்தியை 10.9-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்துப் பெருக்க வேண்டும். இதை விட்டால் மார்க் போகும்.)

இந்த முறை மில்லர் சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். புல்லட் தடுமாறாமல் பறக்குமா என்று சொல்லும் நிலைத்தன்மை எண் S-ஐ அது தரும். S = 30m ÷ (t² d³ l (1 + l²)). m எடை, கிரெய்னில். d விட்டம், அங்குலத்தில். t (ட்விஸ்ட்), l (நீளம்) இரண்டும் கேலிபரில், அதாவது விட்டத்தின் மடங்கில், அங்குலத்தில் அல்ல. மாதிரித் தேர்வுகளில் மூன்று முறை l-க்கு 0.82 என்றே போட்டு அபத்தமான விடை வாங்கினேன். 0.82-ஐ 0.224-ஆல் வகுத்தால் 3.66, அதுதான் l. 1:12 என்றால் t 53.6.

பழைய கேள்வியை வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஈயக் கரு: S 1.09. செம்பு: 0.76. ஒன்று நூலிழையில் நிற்கிறது, மற்றது காற்றில் குட்டிக்கரணம் போட்டு, காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக நீளவாட்டில் கீஹோல் போடும். அதே செம்பை 1:8 பேரலில் வைத்தால் 1.71. அரைப் பக்க உளறலுக்குப் பதிலாக எழுதியிருக்க வேண்டியது இந்த மூன்று எண்கள்தான்.

மீதி எல்லாம் துண்டு துண்டாக:

- 1:7 வேகமான ட்விஸ்ட், 1:12 மெதுவானது. பதற்றத்தில் எல்லாரும் மாற்றி எழுதுகிறார்கள். தாளின் மூலையில் முதலிலேயே குறித்துவிடுங்கள்.
- S ஒன்றுக்குக் கீழே என்றால் நிலையாகாது. 1.5 இருந்தால் நிம்மதி. நடுவில் இருந்தால் நேராகப் போகலாம், ஆனால் காற்றுத் தடை கூடும்.
- 'வெடிமருந்தைக் கூட்டி வேகத்தை ஏற்றினால் சரியாகுமா?' என்ற பொறிக் கேள்வி வரும். ஆகாது. வேகம் கனமூலமாகத்தான் சேர்கிறது: விநாடிக்கு 2800 அடியை 3200 ஆக்கினாலும் S நாலரை சதவீதம்தான் ஏறும், அழுத்தம்தான் ஆபத்தாக உயரும். ட்விஸ்ட் வர்க்கமாகச் சேர்கிறது: 1:9-ஐ 1:8 ஆக்கினால் கிட்டத்தட்ட 27 சதவீதம்.
- சுழல் வேகம்: விநாடிக்கு அடி × 720 ÷ ட்விஸ்ட். 3000 அடி, 1:7 என்றால் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல். மெல்லிய உறை புல்லட் கிழிவது இதனால்தான்.

வாய்மொழித் தேர்வில் அமெரிக்க ராணுவத் துப்பாக்கியான எம்16 வந்தது. ஆரம்பத்தில் 1:14 இருந்ததை ஏன் 1:12 ஆக்கினார்கள் என்று தேர்வாளர் கேட்டார். கடுங்குளிரில் காற்று அடர்ந்து S இறங்கும். 55 கிரெய்ன் புல்லட்டுக்கு 1:14-இல் S ஏற்கனவே ஒன்றை ஒட்டித்தான் இருந்தது என்று சொல்லி, கணக்கையும் போட்டுக் காட்டினேன். பிறகு அதன் பிந்தைய வடிவமான எம்16ஏ2-வில் 1:7 ஏன் என்றார். 62 கிரெய்ன் எம்855 குண்டுக்கு என்று ஆரம்பித்து, உடனே நிறுத்தி, அதற்கு 1:9 போதும், அதனுடன் வரும் நீண்ட டிரேசர் (போகும் பாதை தெரிய ஒளிவிடும்) குண்டுக்காகத்தான் 1:7 என்று திருத்திக்கொண்டேன். இங்கேயும் நீளம்தான், பாருங்கள்.

எனக்கு மனப்பாடம் வராது, அதனால் சூத்திரத்தைத் தினமும் ஒரு கணக்கு என்று போட்டே படித்தேன். உங்களுக்கு ஞாபகசக்தி இருந்தால் வேறு வழி இருக்கலாம், எனக்குத் தெரிந்தது இதுதான்.

அப்புறம் செய்முறைத் தேர்வு. கிளீனிங் ராடில் இறுக்கமான துணி மாட்டி, பேரலுக்குள் தள்ளி, ராடில் பேனாவால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று வரும்வரை இழுத்து அளக்க வேண்டும். என் துணி தளர்வாக இருந்ததால் புரியில் பிடிக்காமல் வழுக்கி, 1:9 பேரலுக்கு முதலில் 11 அங்குலம் வந்தது. துணியை மாற்றி மூன்று முறை அளந்தேன். மூன்றும் ஒன்பதை ஒட்டியே வந்தன. முதல் அளவை அடித்துவிடாமல், ஏன் தவறு என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வைத்தேன்.