பரிசோதிக்காமல் எழுதிய மருந்து

பிறப்புறுப்பில் வாடையும் எரிச்சலும் சேர்ந்து வந்தால் ஒரே நோய் என்றுதான் நினைக்கத் தோன்றும். எனக்கு இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. அது தெரிய இவ்வளவு அலைந்திருக்க வேண்டியதில்லை என்ற ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் கதவைக்கூடச் சாத்தவில்லை. வெளியே ஆட்கள் காத்திருக்கும்போதே உடலுறவு பற்றிச் சத்தமாகக் கேட்டார். பரிசோதிக்கவே இல்லை. "வெள்ளைப்படுதல்தானே, பூஞ்சையா இருக்கும்" என்று உள்ளே போடும் கிரீமும் வாசனை வாஷும் எழுதித் தந்தார். வாடை அப்படியே இருந்தது. எரிச்சல்தான் கூடி, சிறுநீர் பட்டாலே வலித்தது.

சரி, வேறொரு மகளிர் மருத்துவரிடம் போனால், கிரீம் போட்டிருப்பதால் இப்போது பரிசோதனைக்கு மாதிரி எடுக்க முடியாது, சில நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். நேரம் குறித்தபோதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: கிரீம், உள்ளே கழுவுவது, மாதவிடாய் எல்லாமே முடிவைக் குழப்பும்.

அடுத்த முறை பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்தது ஒரு நிமிட வேலை. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு வழக்கமாக 3.8 முதல் 4.5 வரை இருக்குமாம், எனக்கு அதைத் தாண்டியிருந்தது. மீன் வாடை, நீர்த்த சாம்பல் நிற வெள்ளைப்படுதல், நுண்ணோக்கியில் கண்டது எல்லாம் சேர்த்து பாக்டீரியல் வெஜினோசிஸ் என்றார். நம்மைக் காக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா குறைந்து மற்ற பாக்டீரியாக்கள் பெருகுவதுதான் இது. பூஞ்சை என்றால் அரிப்பும் தயிர் திரிந்தாற்போல் வெள்ளையும் இருக்கும், வாடை பெரும்பாலும் இருக்காது. வாடையைப் பற்றி நான் சொன்னதை முதல் மருத்துவர் காதில் வாங்கியிருந்தாலே போதும்!

எரிச்சல் அந்த வாஷால் வந்தது. வெளித்தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. அதை நிறுத்தச் சொன்னார், வெளியே வெறும் தண்ணீர் போதும், உள்ளே கழுவவே கூடாது என்றார். பாக்டீரியாவுக்கு எதிரான மெட்ரோனிடசோல் மாத்திரை 7 நாள். வாடை போயிற்று, தோலும் ஆறியது. எவ்வளவு நிம்மதி!

கதவைச் சாத்தச் சொல்லத் தயங்காதீர்கள். எந்தப் பரிசோதனையை வைத்து மருந்து எழுதுகிறார்கள் என்றும் கேளுங்கள். வாடையோடு காய்ச்சலும் அடிவயிற்று வலியும் இருந்தால் அன்றைக்கே போய்விடுங்கள், தொற்று கருப்பை வரை ஏறியிருக்கலாம். கர்ப்பமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இது திரும்பவும் வரக்கூடியதாம். வந்தால் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கமாட்டேன், மாதிரி கொடுக்கத்தான் போவேன்.