முட்டத்திலிருந்து ஹவாய்க் கடல்

ஜனவரிக் காலைகளில் முட்டத்துப் பாறைகளில் அமர்ந்து, கைப்பேசியில் ஹவாய்த் தீவுகளின் வானிலையையும் அலை அறிக்கையையும் வாசிப்பது என் வழக்கமாகிவிட்டது. இங்கே காலை 6 மணி என்றால் அங்கே முந்தைய நாள் பிற்பகல் 2.30. வாடைக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீச, நம் வள்ளங்கள் தொட்டில்போல மெல்ல ஆடிக்கொண்டிருக்கும் அதே வேளையில், ஓவாஹு தீவின் வடகரையில் அலைகள் இரண்டு, மூன்று ஆள் உயரத்துக்கு எழுகின்றன. வட பசிபிக்கின் குளிர்காலப் புயல்கள் கிளப்பும் நெடிய அலைகள், இடையில் தடுக்க நிலம் ஏதுமில்லாததால், பல நாள் பயணம் செய்து அங்கே வந்து உடைகின்றன. தென்கரையிலுள்ள வைக்கிக்கியில் அப்போது பெரும்பாலும் சாந்தம். நமக்குக் கணக்கு தலைகீழ்: ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்றில்தான் முட்டத்திலும் குளச்சலிலும் கடல் சீறும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபட வெகுநாளாயிற்று. அங்குள்ள பழைய அலைச்சறுக்குக்காரர்கள் அலையைப் பின்புறமிருந்து மதிப்பிடும் வழக்கமுடையவர்கள். அவர்கள் 6 அடி என்றால் முன்புறத்தில் ஏறத்தாழ 12 அடி. (இதை அடக்கம் என்பதா, பெருமை என்பதா?)

அருகில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் கைப்பேசியில் அந்த வடகரை அலையின் படத்தைக் காட்டினேன். செதில் ஒட்டிய விரலால் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல வள்ளம் எப்படி மக்கா எறக்குவானுவ?" என்று மட்டும் கேட்டார்.