சாட்ஸ்வர்த் நாட்குறிப்பு: மாற்றுச் சிறுநீரகமும் கொரோனாவும்

2020 மார்ச் 28, சனி

நேற்றிலிருந்து தென்னாப்பிரிக்கா முழுக்க, எங்கள் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலும், ஊரடங்கு, 21 நாள். எனக்கு இது புதுசில்லை. சிறுநீரகம் மாற்றிய வருஷமே முகக்கவசமும் வீட்டுச்சிறையும் பழகிவிட்டது. மூட்லி அண்ணன் பாடுதான் திண்டாட்டம். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்; வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ்.

"வீட்டிலேயே இருங்கன்னு டிவியில சொல்றான் தங்கச்சி. ரத்தத்தை யாரு வீட்டுக்கு வந்து சுத்தம் பண்ணுவா?" என்றார் போனில்.

காலையிலும் மாலையிலும் மட்டும்தான் கொம்பி (பலர் சேர்ந்து போகும் வாடகை வேன்) ஓடலாமாம். மதியம் டயாலிசிஸ் முடிந்தால் சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கணும், மற்ற நோயாளிகளோடு.

2020 டிசம்பர் 3, வியாழன்

1967-ல் இதே நாள்தான் கேப்டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். அதைப் பெருமையாகச் சொல்வோம், இதயம் பெற்ற லூயிஸ் வாஷ்கன்ஸ்கி 18 நாள்தான் இருந்தார் என்பதை மெல்ல விழுங்கிவிடுவோம். இதயம் கைவிடவில்லை, நிமோனியா கொண்டுபோனது.

மருந்துகள் மாறிவிட்டன, சிக்கல் அதேதான். வந்த உறுப்பை உடம்பு தாக்கிவிடாதிருக்க நான் விழுங்கும் டாக்ரோலிமஸும் மைக்கோஃபினோலேட்டும் கிருமியை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்தே அடக்கும். கூடவே எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை பிரட்னிசோலோன் காய்ச்சலைக்கூட மறைத்துவிடும். கொரோனா வந்தால் டாக்டர் முதலில் மைக்கோஃபினோலேட்டைத்தான் குறைப்பாராம். பயந்துபோய் நாமாக நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடும்.

2021 ஜனவரி 28, வியாழன்

தைப்பூசம். காவடி இல்லை, கூட்டு வழிபாட்டுக்குத் தடை. போன மாதம் அறிவித்த புதுத் திரிபு, அதுவும் நம் டர்பன் ஆய்வகத்தில் கண்டுபிடித்தது, ஊரையே ஆட்டிவைக்கிறது.

அண்ணன் கேட்டார்: "கிட்னி கிடைச்சிருக்குன்னு இப்பக் கூப்பிட்டா போகவா, வேண்டாமா?" மாற்றிய முதல் சில மாதங்களில்தான் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தின் அளவு உச்சத்தில் இருக்கும். போகாவிட்டால் வாரம் மூன்று தடவை அதே கூடம், அதே கொம்பி. போகலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் அதைத் தைரியமாகச் சொல்ல வாய் வரவில்லை. டாக்டரைக் கேளுங்கள் என்று நழுவினேன்.

2021 ஜூலை 14, புதன்

கலவரம். மருந்துக்கடைகளைச் சூறையாடிவிட்டார்கள், தெருமுனையில் பக்கத்து வீட்டுப் பையன்கள் டயர் போட்டுக் காவல். டாக்ரோலிமஸ் அட்டையை எடுத்து எண்ணி வைத்தேன்.

அண்ணனுக்கு நேற்றைய டயாலிசிஸ் போச்சு. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். வாழைப்பழம், தக்காளி, இளநீர் எதுவும் கூடாது. அண்ணி உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கி ஊறப்போட்டு, வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட்டு, சப்பென்ற கூட்டு வைத்தாராம். "இதைச் சாப்பிடறதுக்குக் கலவரக்காரன்கிட்டயே போயிடலாம்" என்கிறார் மனுஷன்.

2021 ஆகஸ்ட் 15, ஞாயிறு

உறுப்பு மாற்றிய 658 பேரை அமெரிக்காவில் சோதித்தார்கள். எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் (ஃபைசர் போன்றது) முதல் ஊசிக்குப் பிறகு 15 சதவீதம் பேருக்குத்தான் எதிர்ப்பணு, இரண்டாவதுக்குப் பிறகு 54. ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டாகும். மைக்கோஃபினோலேட் எடுப்பவர்களுக்கு இன்னும் மோசம். அதனால்தான் வியாழக்கிழமை அங்கே எங்களைப் போன்றவர்களுக்கு மூன்றாவது ஊசியை அனுமதித்தார்கள். இரண்டு ஊசி போட்டாச்சு என்று யாராவது என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் இந்தக் கணக்கைத்தான் ஒப்பிக்கப் போகிறேன்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஊசி எங்களைவிட நன்றாகவே பிடிக்கிறது. ஆகவே காத்திருப்பவர்கள் அறுவைக்கு முன்பே போட்டுவிடணும். அண்ணனிடம் இதில் மட்டும் நான் நழுவவில்லை. முதல் ஊசி போட்டு 42 நாள் முடிந்து செவ்வாய்க்கிழமை அவருக்கு இரண்டாவது ஃபைசர். டயாலிசிஸும் அன்றைக்கே. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையில் போடச் சொல்லுங்கள் என்று அண்ணிக்கு மெசேஜ் அனுப்பினேன்.