மூன்று கட்டம் இடது பக்கம்

கரும்பலகையில் ஒய் = எக்ஸ் என்று ஒரு கோடு போட்டேன். பக்கத்திலேயே அதே சாய்வில் ஒய் = எக்ஸ் + 3. "முதல் கோடு எப்படி நகர்ந்து ரெண்டாவது கோடாச்சு?" என்று கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் "மேல சார்" என்றார்கள். இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும், "லெஃப்ட்ல மூணு கட்டம் போயிருக்கு சார்" என்றாள். "தப்பு. நல்லா கவனிம்மா, மேலே மூணு" என்று சொல்லிவிட்டு அடுத்த உதாரணத்துக்குப் போய்விட்டேன்.

அது 2018. பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்த வருடம். ஆற்காட்டுப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் பாடமே கணங்கள், தொடர்புகள், சார்புகள். அதில், தெரிந்த ஒரு வரைபடத்தை நகர்த்தியும் கவிழ்த்தும் நீட்டியும் இன்னொரு வரைபடம் வரைகிற பகுதி உண்டு. அதற்காக ஒரு வாய்ப்பாடு தயார் செய்து வைத்திருந்தேன். 'எக்ஸ் இருக்கிற அடைப்புக்குறிக்கு வெளியே கூட்டினால் மேலே, உள்ளே கூட்டினால் இடது. வெளியே இருப்பது சொன்னபடி கேட்கும், உள்ளே இருப்பது எதிர்த்துப் பேசும்.' பிள்ளைகள் சிரிப்பார்கள், மனதிலும் நிற்கும், மார்க்கும் விழும். உள்ளே இருப்பது ஏன் எதிர்த்துப் பேச வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் தடுமாறித்தான் இருப்பேன்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது இயற்பியல் சார், "பக்கவாட்டில் நகர்ந்தா டிரான்ஸ்ஃபர், மேலே நகர்ந்தா பிரமோஷன், அவ்வளவுதானே சார்" என்றார். நல்ல விளக்கம்தான். ரெண்டுமே நாம் கேட்டபடி நடக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் சத்துவாச்சாரிக்கு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். மேல்விஷாரம் தாண்டி, ரத்தினகிரி மலை ஜன்னலில் தெரிகிற நேரம். அந்தப் பெண் சொன்னது திரும்ப வந்தது. ஒய் = எக்ஸ் கோடு பூஜ்ஜியத்தில் அச்சை வெட்டுகிறது. இடது பக்கம் மூன்று கட்டம் தள்ளினால் −3-இல் வெட்ட வேண்டும். எக்ஸ் + 3-இல் −3 போட்டால் பூஜ்ஜியம். வெட்டுகிறது! அட, எக்ஸ் இருந்த இடத்தில் எக்ஸ் + 3 வந்திருக்கிறது என்று பார்த்தால், என் வாய்ப்பாட்டின்படியே அது இடது பக்கம்தான். மேலே மூன்று தள்ளினாலும் இடது பக்கம் மூன்று தள்ளினாலும் அந்தக் கோடு ஒரே இடத்தில் போய் நிற்கிறது. எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைக் காட்டவே காட்டாத ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு, நகர்வதைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில், "நேத்து நீ சொன்னது சரிம்மா. நான் சொன்னதும் சரி. தப்புன்னு சொன்னேனே, அதுதான் தப்பு" என்றேன். அவள், "தெரியும் சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். பின்னால் இருந்து ஒருத்தன், "இன்னா சார், ரெண்டும் ஒண்ணுதானா அப்போ?" என்றான். எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல என்று காட்டக் கோடு உதவாது. வளைந்த ஏதாவது வேண்டும்.

பரவளையத்துக்கு, கிண்ணம் மாதிரி வளைகிற அந்த வரைபடத்துக்கு, வந்தேன். பத்தாம் வகுப்பில் அட்டவணை போட்டு ஒய் = எக்ஸ்² வரைந்த பிள்ளைகள்தானே. ஆனால் கண் முன்னால் நகர்த்திக் காட்ட ஒளி ஊடுருவும் தாள் வேண்டும். அப்போதுதான் எக்ஸ்ரே ஃபிலிம் ஞாபகம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேர் போன வேலூர்ப் பக்கம் யார் வீட்டு பீரோவில்தான் பழைய எக்ஸ்ரே இல்லை? கொண்டுவரச் சொன்னதில் ஒரு வாரத்தில் முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பு உரிந்து இளநீலமாகத் தெளிந்த ஷீட் கிடைக்கும். எல்லாம் முழுசாகப் போகவில்லை. ஒரு ஷீட்டில் யாருடைய விலா எலும்போ லேசாக நின்றது. அதன் மேல் காம்பஸ் முனையால் பரவளையம் கீறி, கிராஃப் தாளில் வைத்துத் தள்ளினார்கள்.

இடது பக்கம் மூன்று தள்ளினால் வளைவின் அடிமுனை (−3, 0). மேலே மூன்று தள்ளினால் (0, 3). இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. இன்னொரு லாபமும் கிடைத்தது. ஒய் = எக்ஸ்² − 6எக்ஸ் + 11 வரையச் சொன்னால் பழக்கதோஷத்தில் −4-இலிருந்து அட்டவணை ஆரம்பிப்பார்கள். −4 போட்டால் ஒய் 51. தாளை விட்டு வெளியே போய்விடும். அதையே (எக்ஸ் − 3)² + 2 என்று எழுதிக்கொண்டால், அட்டவணையே வேண்டாம். ஷீட்டை வலது பக்கம் மூன்று, மேலே இரண்டு தள்ளினால் முடிந்தது.

ஆனால் கழித்தால் ஏன் வலது பக்கம்? ஷீட் அதைக் காட்டுமே தவிர சொல்லாது. வர்க்கமூலத்தை வைத்து முயன்றேன்: எக்ஸ் − 4-க்கு வர்க்கமூலம் என்றால், உள்ளே குறை எண் வரக்கூடாது, ஆகவே 4-இல்தான் வரைபடமே தொடங்கும், பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டியது நாலு கட்டம் வலது பக்கம் போயிற்று. நன்றாகப் படிக்கிற நாலைந்து பேருக்கு அது போதுமாக இருந்தது.

மற்றவர்களுக்கு ரயில்தான் புரியவைத்தது. வாலாஜா ரோடு ஸ்டேஷனிலிருந்து தினமும் சென்னைக்கு வேலைக்குப் போகிற அப்பா, அண்ணன் உள்ள வீடுகள் நிறைய. நேரம் கிடை அச்சில், ஸ்டேஷனிலிருந்து வண்டி போன தூரம் நிலை அச்சில். வண்டி ஓடும்போது கோடு ஏறும், நிற்கிற இடத்தில் படுக்கும். "சரி, இன்னைக்கு வண்டி கிளம்பும்போதே இருபது நிமிஷம் லேட். அப்புறம் வழக்கமான வேகம்தான். எட்டு நாற்பத்தஞ்சுக்கு எங்கே இருக்கும்?" என்று கேட்டேன். ஒரு வினாடிகூட ஆகவில்லை. "வழக்கமா எட்டு இருபத்தஞ்சுக்கு எங்க இருக்குமோ அங்க சார்" என்றான் ஒரு பையன், அலுப்போடு. வீட்டில் தினமும் போனில் கேட்கிற பேச்சல்லவா.

"எட்டு இருபத்தஞ்சு எப்படி வந்துச்சு?"

"இருபது கழிச்சேன்."

"வண்டி சீக்கிரமா, லேட்டா?"

"லேட்டு."

"அப்போ கோடு எந்தப் பக்கம் போகும்?"

வலது பக்கம் என்று நாலைந்து குரல். இருபது நிமிடம் கழித்தால்தான் பழைய அட்டவணையில் பார்க்க முடியும். கழிப்பது வரைபடத்தை அல்ல, பார்க்கிற நேரத்தை. தூரத்தை வாலாஜாவிலிருந்து அளக்காமல் காட்பாடியிலிருந்து அளந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். இடைப்பட்ட தூரம் எல்லா இடத்துக்கும் கூடும், கோடு மொத்தமாக மேலே ஏறும் என்று அவர்களே சொன்னார்கள். இந்த 'எதிர்த்துப் பேசும்' வாய்ப்பாட்டை அதற்குப் பிறகு நான் வகுப்பில் சொல்லவில்லை. உண்மையில் எதிர்ப்பு என்று ஒன்றும் இல்லை. ஒய் = எக்ஸ்² + 2 என்பதை ஒய் − 2 = எக்ஸ்² என்று எழுதிப் பாருங்கள். மேலே போவதற்கும் கழித்தல் குறிதான் வருகிறது. அதை அந்தப் பக்கம் தூக்கிப் போட்டு, கூட்டல் ஆக்கி வைத்திருப்பது நாம்.

(2எக்ஸ் − 6)² மட்டும் இன்றுவரை சிக்கல்தான். ஆறு கட்டம் என்றுதான் எல்லா வருடமும் பதில் வரும். உள்ளே பூஜ்ஜியம் ஆவது எக்ஸ் 3-இல், ஆகவே மூன்று கட்டம். கூடவே வளைவு ஒடுங்கியும் போகும். 2-ஐ வெளியே எடுத்து 2(எக்ஸ் − 3) என்று எழுதிவிட்டுப் பார் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும்.

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. நான் 1995-இல் வேலைக்குச் சேர்ந்தபோது மாவட்டத்துக்குப் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர். அப்புறம் வேலூர் மாவட்டம். இப்போது எங்கள் பள்ளி ராணிப்பேட்டை மாவட்டத்தில். பள்ளிக்கூடம் ஒரு செங்கல்கூட நகரவில்லை. ஆனால் மேற்கே இருந்த தலைமையிடம் பாலாற்றுக்கு அக்கரைக்கு வந்துவிட்டது. அந்த வருடப் பிள்ளைகளிடம் இதையும் சொன்னேன்: வளைவை வலது பக்கம் தள்ளினாலும், வளைவைத் தொடாமல் அச்சுகளை இடது பக்கம் தள்ளினாலும் எழுதுகிற சமன்பாடு ஒன்றுதான். "அப்போ உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகலை, ஆபீஸுக்குத்தான் ஆயிருக்கு" என்றான் ஒருவன்.

அதே வகுப்பில்தான் பழைய கதையையும் சொன்னேன், நான் தப்பு என்று சொன்ன அந்தக் கோட்டின் கதையை. ஒல்லியாக ஒரு பையன், சோளிங்கர் பக்கத்து ஊர், எழுந்து, "கோட்டைத் தவிர வேற எதுக்காச்சும் இப்படி நடக்குமா சார்?" என்றான். யோசித்துவிட்டு வா என்றேன். நானும் யோசிக்க வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஓர் எக்ஸ்ரே ஷீட்டோடு வந்தான். மீப்பெரு முழுஎண் சார்பைக் கீறியிருந்தான். ஒவ்வொரு முழுஎண்ணுக்கும் ஒரு படி ஏறுகிற வரைபடம். "சோளிங்கர் மலைப்படி மாதிரி சார். நீங்க திரும்பி நில்லுங்க" என்றான். திரும்பி நின்றேன். ஷீட் தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. "இப்போ பாருங்க." ஷீட்டின் ஓரங்களை இரண்டு உள்ளங்கையாலும் மறைத்துக்கொண்டிருந்தான். படிகள் எல்லாம் கட்டத்தோடு கட்டம் பொருந்தி நின்றன.

"லெஃப்ட்ல மூணு தள்ளினேனா, மேல மூணு தள்ளினேனா? சொல்லுங்க சார்."

குனிந்து பார்த்தேன். "கையை எடுடா" என்றேன். அவன் எடுக்கவில்லை.