ஒட்ட வராத ஸ்லாட்டும் எட்டு வருஷ ஒட்டுவேலையும்

க்யூஎமு (QEMU, ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர்) கோடுல ரொம்ப நாளா கண்ணை உறுத்திட்டு இருந்த ஒரு வேரியபிள், பேரு ப்ரோக்கன் செட் மெம் ரீஜியன். ஸ்டார்ட் ஆகும்போதே அதுல 1 போட்டு வச்சிருவாங்க, அதாவது கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) கோளாறுன்னு முதல்லயே முடிவு கட்டிட்டு, அப்புறம் கேவிஎம்கிட்ட (KVM, க்யூஎமுவ வேகமா ஓட்ட உதவுற கெர்னல் பகுதி) கேட்டு அது நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா மட்டும் 0 ஆக்குவாங்க. மாமியார் பார்வை!

விஷயம் என்னன்னா, கெஸ்ட்டோட (உள்ள ஓடுற கம்ப்யூட்டர்) ரேமை க்யூஎமு ஸ்லாட் ஸ்லாட்டா, அதாவது துண்டு துண்டா, கேவிஎம்கிட்ட குடுக்கும். கெஸ்ட் பாக்குற அட்ரஸ், சைஸ், க்யூஎமு ப்ராசஸ்ல அது இருக்குற இடம், அவ்ளோதான், சைஸ் 0ன்னு குடுத்தா அந்த ஸ்லாட் காலி. ஆனா ரேம் ஒரே துண்டா நிக்காது. பூட் ஆகுறப்போ பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற ப்ரோக்ராம்) முதல் 1 எம்பிக்குள்ள சில ஏரியாவ ரோம்ல இருந்து ரேமுக்கு மாத்தும், அப்போல்லாம் நடுவுல வெட்டு விழும், அப்புறம் திரும்பச் சேரணும். இந்தச் சேக்குற இடத்துலதான் பழைய கேவிஎம் சொதப்பும். சின்ன ஸ்லாட்டையெல்லாம் அழிச்சிட்டு அங்கயே பெருசா ஒண்ணு போட்டாக்கூட எடுத்துக்காது. அதனால க்யூஎமு பழைய வெட்டு எங்க இருந்துச்சோ அதே அளவுல துண்டு துண்டாவே திரும்பப் பதியும், அப்போ எக்ஸ்86ல (இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர் வகை) மொத்தமே 32 ஸ்லாட்தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க. அந்தக் கோடுக்கு மேல இருந்த கமென்ட்டே ஒரு பெருமூச்சோடதான் முடியும்.

கெர்னல்ல இது 2009 டிசம்பர்ல வந்த 2.6.32 வெர்ஷன்லயே சரியாயிடுச்சு. ரெட்ஹாட் லினக்ஸ் 6ல இருக்குற கெர்னல்கூட அதே 2.6.32தான். க்யூஎமுல இருந்து ஒட்டுவேலைய எடுத்தது 2017ல. இதுல எனக்கு சிரிப்பு வந்த இடம், கெர்னலுக்கு ஸ்லாட்டை ஒழுங்கா அழிக்கத் தெரியணும்னு க்யூஎமுல இன்னொரு கண்டிஷன் ஏற்கெனவே கட்டாயமா இருந்துச்சு, அந்த வசதி வந்து ஏறக்குறைய அரை வருஷத்துலயே சேக்குற வசதியும் வந்துடுச்சு. அப்போ இவ்ளோ கோடும் அந்த அரை வருஷ இடைவெளில வந்த கெர்னலுக்கு மட்டும்தான், அதுமேல புது க்யூஎமுவ யாரு ஓட்டிப் பாத்திருப்பா?

எடுத்த விதம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. சும்மா அழிச்சிட்டுப் போகல, கட்டாயம் வேணும்ங்கற லிஸ்ட்ல இந்த வசதியையும் சேத்துட்டாங்க, அது இல்லாத கெர்னல்னா கேவிஎம் ஆரம்பத்துலயே எரர் சொல்லி நின்னுடும், பாதி வழில மெமரி கெட்டுப்போய் முழிக்க வேணாம். அந்தக் கையோட இன்னொண்ணும் போச்சு: ஸ்லாட் ஒண்ணுமேல ஒண்ணு ஏறினா முன்பக்கம் பின்பக்கம்னு வெட்டுற கோடு. க்யூஎமுலயே மேல இருந்து வர்ற மெமரி மேப்ல (எந்த அட்ரஸ்ல எது இருக்குங்கற லிஸ்ட்) அப்படி ஏறவே ஏறாதாம்.